கரைந்த புரோச்சும் கரையாத சம்பந்தியம்மாவும்

மரக்காணம்
ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் போன மதியம்

மரியாதைக்கும், இப்போதைக்குக் கொஞ்சம் மன்னிக்கும் மனசுக்கும் உரிய வருங்கால மாமா ஜெயப்பிரகாஷ் அவர்களுக்கு,

சரண்யாவின் ஒரே தங்கை பூஜா, பதினொன்றாம் வகுப்பு ஆ பிரிவு, பணிவோடு எழுதிக்கொள்வது. (பணிவோடுதான். சிரிக்காதீர்கள்.) இங்கே நான், அம்மா, அப்பா, அக்கா நால்வரும் சுமார். அங்கே நீங்களும் உங்கள் அப்பாவும் உங்கள் அம்மாவின் சந்தனக் கலர் பட்டுச்சேலையும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல், முக்கியமாகச் சேலை. ‘வருங்கால’ என்று போட்டிருக்கிறேனே, அந்த வருங்காலம் வருமா, வராதா என்பது நீங்கள் இதை முழுசாகப் படிப்பதைப் பொறுத்தது. ஆகையால் நடுவில் கஸ்டமர் வந்தால் டைல்ஸைக் காட்டி அனுப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரவும்.

இந்தக் காலத்தில் கடுதாசியா என்று கேட்பீர்கள். என் போன் அரிசி டிரம்முக்குள் இருக்கிறது. அது தண்ணீரில் விழவில்லை. பழியில் விழுந்தது நான், ஊறுவது போன். டிரம் மூடிமேல் அம்மா உட்கார்ந்துகொண்டு கீரை ஆய்கிறாள். அப்பா போனிலிருந்து கூப்பிட்டால் உங்கள் பக்கம் ரிங் போய்க்கொண்டே இருக்கிறது. எங்கள் வீட்டு நம்பர் எதையும் எடுக்கக் கூடாதென்று உங்கள் அம்மா உத்தரவு போட்டிருப்பதாகக் கேள்வி. அக்காவோ, “அவர் தானா பண்ணாத்தான் பேசுவேன், நானா பண்ண மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு, போனை ஃபுல் சவுண்டில் வைத்து, சார்ஜ் நிறைந்தபிறகும் பிளக்கிலிருந்து பிடுங்காமல், அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, கழுவிய டம்ளரை மறுபடி கழுவிக்கொண்டிருக்கிறாள். யார் போனுக்காகவும் காத்திருக்கவில்லையாம். பார்க்கச் சகிக்கவில்லை மாமா. அதனால்தான் உங்கள் விசிட்டிங் கார்டில் இருக்கும் கடை விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். வீட்டு விலாசத்துக்கு அனுப்பினால் யார் பிரிப்பார்கள் என்று நமக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். நிச்சயதார்த்தத்தன்று உங்கள் அம்மாவின் தோளில் நடந்தது என் சேட்டை என்று உங்கள் வீடு, எங்கள் வீடு, நடுவில் ஓடும் ஈசிஆர் ரோடு எல்லாமே நம்புகிறது. நம்புவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அப்பாவின் செருப்பை இரண்டும் இடது காலாக மாற்றி வைத்தவள் நான்தான். வேதியியல் மிஸ்ஸின் மேஜைக்கு அடியில் அலாரம் கடிகாரத்தை ஒட்டியவளும் நான்தான். பெண் பார்க்க வந்த அன்று வாழைக்காய் பஜ்ஜிகளுக்கு நடுவே ஒரு மிளகாய் பஜ்ஜியை மாறுவேடத்தில் உங்கள் தட்டுக்கு அனுப்பியதும், நீங்கள் கண்ணில் தண்ணீரோடு “நல்லா இருக்குதுங்க” என்று சொன்னதும் ஊரறிந்தது. ஆனால் இந்த புரோச் விஷயத்தில்தான், பிறந்ததிலிருந்து முதல்முறையாக, விளையாட்டே இல்லாமல், மனசார ஒரு நல்ல காரியம் செய்தேன். அதனால்தான் இப்படி ஆகியிருக்கிறது. இனிமேல் ஜாக்கிரதையாக இருப்பேன்.

புரோச் என்பது உங்கள் அம்மாவுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. முந்தானை தோளைவிட்டு இறங்காமல் நிற்க ஒரு ஊக்கு குத்துவார்கள் இல்லையா, அந்த ஊக்குக்குப் பூ, கல், ரிப்பன் என்று வேஷம் கட்டினால் அது புரோச். எங்கள் அப்பா கடைசிவரைக்கும் அதை ‘பேட்ஜ்’ என்றே சொன்னார், கட்சி மாநாட்டுக்கு ஆள் பிடிப்பதுபோல. யோசனை அக்காவுடையது. “அவங்க வீட்டுப் பொம்பளைங்க மண்டபத்துக்குள்ள கால் வெக்கும்போதே நாம செஞ்சது ஒண்ணு அவங்க தோள்ல இருக்கணும்டி. கடையில வாங்கினது யார் வேணா குடுக்கலாம்” என்றாள். இதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுத மாட்டேன். அவள் கொன்றுபோட்டுவிடுவாள்.

செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தையல்கார அம்சவள்ளி அக்கா கடையில் கீழே விழுகிற ஜரிகைத் துண்டுகள், ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய சிவப்பு ஃபெல்ட் துணி, எங்களுக்கு வந்து சேர்ந்த பழைய கல்யாணப் பத்திரிகைகள். பத்திரிகை அட்டையை வட்டமாக வெட்டி (அதில் மணமக்கள் பேர் வராமல் பார்த்து வெட்டணும், பாவம்), மேலே ஃபெல்ட்டை ஒட்டி, ரிப்பனை ஓரமாக ஊசிநூல் ஓட்டிச் சுருக்கி இழுத்தால் பூ மாதிரி விரியும். நடுவில் ஒரு பட்டன், பின்பக்கம் ஊக்கை வைத்து, மேலே ஒரு சின்னத் துணிப்பட்டையைப் போட்டு, பசையைச் சூடாக்கி விடுகிற குளூ கன்னால் ஒரு சொட்டு. அவ்வளவுதான். என் சிநேகிதி தமிழ்நிலா வெட்டினாள், அக்கா சுருக்கினாள், நான் ஒட்டினேன், அம்மா “ரெண்டு விரலும் ஒட்டிக்கினு நிக்கப் போற” என்றாள், நின்றேன். எல்லாம் முடித்துப் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. ஆனால் மின்னவில்லை. அழகாக இருக்கிற ஊறுகாய் மூடி மாதிரி இருந்தது. கல் வேண்டும். கல் வாங்கத் திண்டிவனம் போகவேண்டும், போக யாருக்கும் நேரமில்லை.

இங்கேதான் மாமா, நீங்கள் உள்ளே வருகிறீர்கள். பெண் பார்த்துவிட்டுப் போய் அடுத்த தடவை வந்தபோது “உப்பளம் பார்க்கணும்” என்று கேட்டது யார்? அப்பா வரப்புமேல் முன்னால் நடந்து பாத்தி பாத்தியாக விளக்கிக்கொண்டே போக, பின்னால் அக்காவைப் பார்த்துக்கொண்டே நடந்து, முழங்கால் வரைக்கும் பாத்திக்குள் இறங்கியது யார்? இறங்கினவர் சும்மா ஏறி வராமல், வாராமல் விட்ட மூலையில் கட்டம் கட்டமாக, கண்ணாடி மாதிரி விளைந்துகிடந்த உப்பில் ஒரு கல்லை எடுத்து, “வைரம் மாதிரி இருக்குது இல்ல?” என்று அக்கா கையில் கொடுத்தது யார்? நான் பின்னாலேயே வந்துகொண்டிருந்தேன், எனக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆக, உப்பு மின்னும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். அடுத்த நாளே ஒரு டிபன் பாக்ஸ் நிறைய வைரம் அள்ளிக்கொண்டு வந்தேன். ஈரம் போகட்டும் என்று தோசைக்கல்லில் போட்டு வறுத்தேன். அது கடுகு மாதிரி வெடித்து அம்மாவின் ஜாக்கெட்டுக்குள் ஒன்று போய்விட்டது, அதை விடுங்கள். பிறகு மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, ஒவ்வொரு புரோச்சிலும் பட்டனைச் சுற்றி ஒட்டி, காற்றுப்பட்டால் கசியக் கூடாதே என்று அக்காவின் கலரில்லாத நெயில் பாலிஷை மேலே பூசினேன். உப்பு நீர்க்கும் என்று தெரியாதவளா நான்? உப்பளக்காரன் பெண். எல்லாவற்றையும் யோசித்தேன். பாட்டில் காலியாகும் என்பதை மட்டும்தான் யோசிக்கவில்லை. கடைசியாகச் செய்தது எல்லாவற்றையும்விடப் பெரியது, கல் அதிகம், ரிப்பன் இரண்டடுக்கு, உங்கள் அம்மாவுக்கென்றே செய்தது. அதற்குத்தான் பாலிஷ் இல்லை. ஒரு காலைநேரம் தாங்காதா என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நான் சொன்னதாக அக்காவிடம் சொல்லாதீர்கள். அந்தப் பெரிய புரோச்சுக்குப் பட்டன் பொருந்தவில்லை. நடுவில் வைக்க நல்ல பெரிய கல்லாகத் தேடினேன். அக்காவின் கம்மல் டப்பாவுக்குள், பஞ்சுமேல், ஒரு கல் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. எந்தக் கல் என்று உங்களுக்குத் தெரியும். மாமியார் தோளில் மகன் கொடுத்த கல், என்ன பொருத்தம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு எடுத்து ஒட்டினேன். நிச்சயதார்த்தம் கலைந்து வீட்டுக்கு வந்த சாயங்காலம் அக்கா அந்த டப்பாவைத் திறந்தாள். அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை. திட்டினாலாவது பரவாயில்லை.

மண்டபத்தில் நடந்தது நீங்கள் பார்த்ததுதான். ஆனால் நீங்கள் பெரும்பாலும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன். வாசல் மேசையில் சந்தனம், குங்குமம், கற்கண்டு, புரோச், இந்த வரிசையில் நானும், பக்கத்தில் பன்னீர்ச் சொம்போடு தமிழ்நிலாவும். உங்கள் அம்மா உள்ளே வந்தார்கள். நான் குனிந்து, வணங்கி, தோளில் குத்திவிட்டேன். வெயில் பட்டு அப்படி ஒரு மின்னல். “நல்லா இருக்குதே, நீயா செஞ்ச?” என்று கன்னத்தைத் தட்டினார்கள். வாழ்க்கையில் என்னை ஒரு பெரியவர் தட்டி, வலிக்காமல் இருந்தது அதுதான் முதல்தடவை. அந்தச் சந்தோஷத்தில் தமிழ்நிலாவுக்குக் கை நிற்கவில்லை. பன்னீரைத் தெளிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அவள் நீர் பாய்ச்சினாள். மற்ற எல்லோரையும் நெயில் பாலிஷ் காப்பாற்றியது. உங்கள் அம்மாவுக்கு மட்டும், முன்வரிசையில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டு முடிப்பதற்குள், கல்லெல்லாம் அழ ஆரம்பித்துவிட்டது. கூடவே ஃபெல்ட்டின் சாயமும். சந்தனக் கலர் பட்டில் தோளிலிருந்து இடுப்புவரை சிவப்பாக ஒரு கோடு, யாரோ துப்பாக்கியால் சுட்ட மாதிரி. பக்கத்து வரிசையில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். உங்கள் அம்மா கோட்டைத் தொட்டார்கள், விரலை நாக்கில் வைத்தார்கள். அப்புறம் ரொம்ப நிதானமாக என்னைப் பார்த்து, “ஏம்மா, இது உப்பா?” என்று கேட்டார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா திறந்துவிட்டார். அவரிடம் உப்பைப் பற்றி யாராவது கேட்டால் அவருக்கு வேறெதுவும் காதில் விழாது. “உப்புதாங்க. நம்ம பாத்தி உப்பு. முதல் தரம்” என்றார், பெருமையாக.

“நல்ல நேரத்துல, சபையில, சம்பந்தி வீட்டுக் கையால உப்பு வாங்கி என் தோள்ல குத்திக்கினேனா நானு?” என்று உங்கள் அம்மா கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. உப்பை ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கையில் வாங்கக் கூடாது, வாங்கினால் இரண்டு பேருக்கும் சண்டை வரும். கீழே வைத்துத்தான் எடுத்துக்கொள்ளணும். எங்கள் வீட்டு அடுப்படியிலேயே அம்மா அப்படித்தான் வைப்பாள். மின்னுகிறதா, ஒட்டுகிறதா, நீர்க்குமா என்று அத்தனையும் பார்த்தவள், இது ‘உப்பு’ என்பதை மறந்துவிட்டேன். கல் கல் என்றே நினைத்து நினைத்து, கல்லாகவே ஆகிவிட்டது. உடனே அம்மா “தெரியாம நடந்துபோச்சுங்க” என்று ஆரம்பித்தாள். அத்தோடு விட்டிருந்தால் ஒருவேளை முடிந்திருக்கும். அப்பா விடவில்லை. “அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுங்க சம்பந்தியம்மா. வருஷம் பூரா லாரி லாரியா அள்ளிக் குடுக்கறோம், இதுவரைக்கும் ஒரு டிரைவரும் சண்டைக்கு வரல” என்றார்.

சம்பந்தியம்மாவை லாரி டிரைவரோடு ஒப்பிட்டுப் பேசிய நிச்சயதார்த்தம் மரக்காணம் தாலுக்காவில் இதற்குமுன் நடந்திருக்குமா தெரியவில்லை. உங்கள் அம்மா எழுந்தார்கள். புரோச்சைக் கழற்றப் பார்த்தார்கள், வரவில்லை. நான் ஒட்டிய அந்த ஒரு சொட்டுப் பசை ஊக்கின் வாய்க்குள் போய் இறுகியிருக்கிறது. நான் உதவிக்குப் போய் இழுத்ததில் சேலையில் ஒரு நூலும் கூடவே வந்தது. “கைய எடு” என்றார்கள். எடுத்தேன். ராகுகாலம் வரப்போகுது, கிளம்பலாம் என்றார்கள். தட்டு மாற்றினால்தானே நிச்சயம்? இரண்டு வீட்டுத் தாம்பூலத் தட்டும் ஒரே மாதிரி சிவப்புச் சாட்டின் துணி மூடி ஜமக்காளத்தில் பக்கத்துப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தன, மாற்றாமலே. உங்கள் சித்தி தட்டைத் தூக்கப் போனதற்கு, “நீ விடு, நான் எடுத்துக்கறேன்” என்று உங்கள் அம்மா தானே தூக்கிக்கொண்டு, புரோச்சும் தோளுமாக, சொட்டச் சொட்ட வேனுக்குப் போனார்கள். அத்தனை களேபரத்திலும் வாயே திறக்காத உங்கள் அப்பா, எங்கள் அப்பா பக்கத்தில் வந்ததும் கொஞ்சம் நின்றார். ஏதோ ஆறுதல் சொல்லப்போகிறார் என்று எல்லோரும் பார்த்தோம். “பொங்கல்லதான் உப்பு இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் வேன் ஏறும்போது ஒரே ஒருமுறை திரும்பி அக்காவைப் பார்த்தீர்கள். அந்த ஒருமுறையை வைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாளை ஓட்டுகிறாள். ஃபேனைப் பார்த்த நேரத்தில் பாதியை அவளுக்குக் கொடுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் நாள் ஓடும். இதை நான் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. (திட்டுவதற்காகத்தான்.)

இப்போது முக்கியமான சேதி. இன்று காலை அம்மா, மாற்றாத எங்கள் தட்டில் இருக்கும் பழமெல்லாம் வீணாகிறதே, எடுத்துவிடலாம் என்று சாட்டின் துணியைப் பிரித்தாள். உள்ளே நாங்கள் உங்களுக்கு எடுத்து வைத்த வேட்டி சட்டை இல்லை. கிளிப்பச்சைப் பட்டுச்சேலை இருந்தது, வளையல் இருந்தது, அக்காவுக்குப் பிடித்த மரிக்கொழுந்து இருந்தது, வாடிப்போய். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அது உங்கள் வீட்டுத் தட்டு, மாமா. உங்கள் அம்மா கோபத்தில் தூக்கிக்கொண்டு போனது எங்களுடையது. அதாவது தட்டு மாறிவிட்டது. தட்டு மாறினால் நிச்சயம். மாற்றும்போது சிரித்துக்கொண்டே மாற்றணுமா, முறைத்துக்கொண்டே மாற்றலாமா, தெரிந்து மாற்றணுமா, தெரியாமல் மாறினால் செல்லுமா என்று யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது, ராகுகாலம் வரவில்லை, நான் மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அப்பாவிடம் இதைச் சொன்னதற்கு, திருப்பிக் கொடுத்துவிடலாம், அடுத்தவங்க பொருள் நமக்கு எதுக்கு என்றார். அம்மா அழுதாள். அக்கா அந்தச் சேலையைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் அப்பா வண்டியில் தட்டோடு உங்கள் ஊருக்குக் கிளம்பினால், கதை முடிந்தது. நாளைக்கு உப்பு லோடு போகிற வேலை இருக்கிறது, நாளன்னைக்குப் போகலாம் என்று எப்படியோ இழுத்து வைத்திருக்கிறேன். அதற்குள் நீங்கள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. உங்கள் அம்மா அந்தத் தட்டை இன்னும் பிரித்திருக்க மாட்டார்கள், பிரித்திருந்தால் சத்தம் மரக்காணம் வரைக்கும் கேட்டிருக்கும். நீங்களே பிரியுங்கள். அதில் இருக்கும் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். போட்டுக்கொண்டு ஃபேனைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து, “எனக்குத் தட்டு மாத்தியாச்சு” என்று மட்டும் சொல்லுங்கள். உப்பைக் கையால் கொடுத்த பேச்சு வந்தால், முதன்முதலில் இந்தச் சம்பந்தத்தில் கையால் உப்புக் கொடுத்தது பாத்தியில் நின்ற நீங்கள்தான், வாங்கினது அக்கா, உங்களுக்குள் இதுவரை ஒரு சண்டையும் வரவில்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். நெஞ்சில் தைரியம் இல்லையென்றால் இந்தக் கடிதத்தையே அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள், மிளகாய் பஜ்ஜி பாராவைக் கிழித்துவிட்டு.

இனிமேல் புரோச் செய்ய மாட்டேன். குளூ கன்னைத் தமிழ்நிலாவிடம் கொடுத்துவிட்டேன், பன்னீர்ச் சொம்பை அவளிடமிருந்து வாங்கிவிட்டேன். அக்கா சிரிக்கும்வரைக்கும் சேட்டையும் கிடையாது. உங்களுக்கு நல்ல புத்தியும், உங்கள் அப்பாவுக்கு உப்புப் போட்ட பொங்கலும், உங்கள் அம்மாவுக்குக் கறை போகிற சோப்பும் கிடைக்க, எங்கள் ஊர் பூமீஸ்வரரை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

என்றும் தங்களுக்குக் கீழ்ப்படியத் தயாராக இருக்கும்,
பூஜா

பின்குறிப்பு: கவரில் போட்டு ஒட்டப்போகும்போது அப்பா போன் அடித்தது. உங்கள் அம்மா. “உன் பொண்ணு, அந்த வாலு, அதுகிட்ட குடு” என்றார்களாம். அப்பா போனை ஏதோ சூடான பாத்திரம் மாதிரி என்னிடம் நீட்டினார். பேசினது அப்படியே:

“ஏண்டி, அந்தச் சட்டைய யார் எடுத்தது? எம்புள்ளயோட பழைய சட்டைமேல வெச்சுப் பார்த்தேன், கை நீளம். மாத்தி வாங்குங்க.”

“அத்தை, நீங்க தட்டைப் பிரிச்சிட்டீங்களா?”

“பிரிக்காம? தட்டை மாத்தித் தூக்கினு வந்தவளே நான்தானே. சபையில கோவப்பட்டுட்டேன், உங்கப்பன் வேற லாரி டிரைவருன்றான். கோவப்பட்ட வாயால அங்கியே எப்படி சரின்றது? அதான் கையால சொல்லிட்டு வந்தேன். வீட்டுக்குப் போய்ப் பிரிப்பீங்க, பேசுவீங்கன்னு பார்த்தா, பூ வாடற வரைக்கும் ஒருத்தரும் தொறக்கல. என்னா குடும்பம்மா அது? இவனையும் போன் எடுக்காதன்னு புடிச்சு வெச்சேன், முதல்ல யாரு பேசறீங்கன்னு பாக்க. நானேதான் தோத்தேன்.”

உப்பு விஷயம் என்று இழுத்தேன். “கல்யாணத்துக்கு அப்புறம் போட வேண்டிய சண்டைய முன்னாடியே போட்டாச்சு, விடு” என்றார்கள். “அது கெடக்கட்டும், இந்தக் கருமத்த எப்படிடி கழட்டறது? சேலையோட ஆணியில மாட்டி வெச்சிருக்கேன். எல்லாக் கல்லும் கரைஞ்சு போச்சு, நடுவுல ஒண்ணு மட்டும் பாதியாத் தேஞ்சு நிக்குது.”

“அத மட்டும் எடுத்துடாதீங்க அத்தை. அது அக்காவோடது. அவளே வந்து எடுத்துப்பா.”

பிறகு, கல்யாணத்துக்கும் நீயே செய், ஆனால் கண்ணாடிக் கல்லு வாங்கிச் செய் என்று வைத்துவிட்டார்கள்.

ஆகவே மேலே எழுதியது எதுவும் செல்லாது. என் வாழ்நாளில் என்னைவிடப் பெரிய கேடி ஒருவரைச் சந்தித்துவிட்டேன். மாமியார் ஜாக்கிரதை என்று எச்சரிக்கலாமே என்று அக்காவிடம் ஓடினேன். அவள் போனில் இருக்கிறாள், கையைக் காட்டி என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டு. அந்தப் பக்கம் யார் என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டது. தபாலில் போடுகிறேன். மிளகாய் பஜ்ஜி பாராவை மறக்காமல் கிழித்துவிடவும்.